பயத்தைச் சொல்லிவிட்டு ஏறுகிறவர்

மலையடியில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டதும் அக்கா முதலில் அண்ணாந்து மேலே பார்ப்பார். பிறகு, பசிக்கிறது என்றோ வெயில் ஏறுகிறது என்றோ சொல்கிற அதே குரலில், "பயமா இருக்கு" என்பார். சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவார்.

அவரோடு போன முதல் தடவை நான் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது என்றால் திரும்பப் போகிறோம் என்றுதானே அர்த்தம்? கொஞ்ச தூரம் போனவர் திரும்பிப் பார்த்து, வரவில்லையா என்று கேட்டார்.

"பயமா இருக்குன்னு சொன்னீங்களேக்கா" என்றேன்.

"ஆமா, இருக்கு. அதுக்கென்ன, வா."

நான் கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தவள். பிறந்தது மன்னார்குடிப் பக்கம். எங்கள் ஊரில் உயரம் என்றால் கோயில் கோபுரம், அதை விட்டால் ஆற்றங்கரை. மலையைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. காரைக்குடியில் செக்காலைப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீடு அக்காவுடையது. இப்போது நாங்கள் திருச்சிக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என் பேரைப் போட்டுட்டியா, பயமா இருக்கே" என்று சொல்வார். சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தும் விடுவார்.

அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். குள்ளமான, ஒடிசலான உடம்பு. மலைக்குப் போகும்போது சுடிதாருக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார். சட்டை முழங்கால் வரை தொங்கும். சட்டைப் பையில் புளிப்பு மிட்டாய் இருக்கும்.

செக்காலை ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்கு வேலை. ரத்தம் எடுப்பவர் அவர்தான். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பயமாக இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார். ஆமாம் என்றால், தனக்கும் ஊசி என்றால் பயம்தான், அங்குட்டுப் பாருங்க என்று சொல்லி, அவர் முகத்தைத் திருப்புவதற்குள் வேலையை முடித்துவிடுவார். இல்லை என்கிறவர்களைத்தான் கட்டிலில் படுக்கச் சொல்வார். முறுக்கு மீசையும் தங்கச் சங்கிலியுமாக வந்த ஒரு ஆள், தனக்குப் பயமே கிடையாது, உட்கார்ந்தே எடுங்கள் என்று அடம்பிடித்து, ஊசியை உருவியதும் நாற்காலியோடு சாய்ந்ததை நானே பார்த்தேன். அக்கா பதறவில்லை. விழுந்தவரின் காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்தார். என் பக்கம் திரும்பி, "இல்லைங்கிறவுகதான் விழுவாக" என்றார். அதில் கேலி துளியும் இல்லை. அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்து, எழுந்து உட்காரும் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மலைப் பழக்கம் அவருக்கு வந்ததும் இந்த வேலையால்தான். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கத் திருப்பத்தூர் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தால் எதிரே பாறைக் குன்று. குன்றின் இடுப்பில் கறுப்பாக ஒரு வாய். அது என்ன என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டதற்கு, குகை என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, போய்ப் பார்த்ததில்லை என்றார்கள். தினமும் வாசல் தெளிக்கும்போது கண்ணில் படுகிற குகைக்குள் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை என்பது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, எதிர் வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த செல்வியை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு கட்டாயம். நான் வந்து சேர்ந்தபோது வண்டி இரண்டானது.

அவருக்கு வரலாறு தெரியாது. யார் வெட்டிய படுக்கை, எந்தக் காலத்து எழுத்து என்பதையெல்லாம் வழிகாட்டிப் பலகை இருந்தால் படிப்பார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது, மேலே ஏறினால் என்ன தெரிகிறது, அந்தப் பக்கம் எப்படி இருக்கும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என்னுடைய முதல் குகை, சமணர் படுக்கை இருக்கிற ஒரு குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். செல்வி குரங்கு மாதிரி, யோசிக்காமல் உள்ளே போய்விட்டார். அக்கா மட்டும் வாசலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இரு. எதுக்குப் பயப்படுறேன்னு பாத்துக்கிறேன்."

கணக்குப் போடுகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். இருட்டுக்கு இல்லை, டார்ச் இருக்கிறது. பாம்புக்கும் இல்லை, செல்வி போட்ட சத்தத்துக்கு அது எப்போதோ போயிருக்கும். கடைசியில் கண்டுபிடித்தார். தலையில் ஏதாவது வந்து ஒட்டிக்கொள்ளுமோ என்றுதான் பயம். பையிலிருந்து துண்டை எடுத்து, நாற்று நடப் போகிறவர் மாதிரி தலையில் இறுக்கிக் கட்டினார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

உள்ளே கல்லில் வழவழவென்று செதுக்கிய படுக்கைகள். தலைமாட்டில் தலையணை போலக் கல்லைச் சற்று மேடாக விட்டிருந்தார்கள். அக்கா ஒன்றில் நீட்டிப் படுத்து, குளுகுளுவென்று கிடக்கிறது என்று என்னையும் பக்கத்துப் படுக்கையில் படுக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து வௌவால்கள் கிளம்பின. அக்கா குகையே அதிரும்படி அலறினார். அலறி முடித்துவிட்டு அப்படியே படுத்திருந்தார். எழுந்து ஓடவில்லை. நானும் ஓடவில்லை. பக்கத்தில் ஒருவர் நமக்கும் சேர்த்து அலறிவிட்டால் நாம் அலறத் தேவையில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பயத்தோடு ஏறுவார் என்பதால் எல்லா இடத்திலும் ஏறிவிடுவார் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு மலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறைச் சரிவில் மலைத்தேனீக் கூடுகள் முறம் முறமாகத் தொங்கின. பாதை அவற்றுக்கு அடியில்தான் போனது. அக்கா நின்றார். அன்று கல்லில் உட்கார்ந்து யோசிக்கவெல்லாம் இல்லை. இந்தப் பயம் சரியான பயம், திரும்புவோம் என்றார். செல்விக்கு ஒரே கோபம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உச்சியை விட்டுவிட்டா போவது என்று சண்டை போட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லூரிப் பையன்கள் கூட்டம் ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டே கூடுகளுக்கு அடியில் நடந்து, உச்சிக்குப் போய், படம் எடுத்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வந்தது. செல்வி அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அந்தப் பிள்ளைகளை இன்னைக்குக் கொட்டல" என்றார் அக்கா. மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தபடி முதல் ஆளாக இறங்கத் தொடங்கினார். தோற்றுப்போன சாயல் அந்த முகத்தில் இல்லை. வீடு வரைக்கும் செல்வி பேசவில்லை. அதற்கும் அக்கா வருத்தப்படவில்லை. அடுத்த மாதம் வழக்கம் போலக் காலையில் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மரங்களிடமும் அவருக்குப் பயம் உண்டு. ஒரு குன்றின் அடியில் அய்யனார் கோயில் காட்டுக்குள் மிகப் பழைய பாலை மரம் ஒன்று இருந்தது. கோயிலுக்கும் முந்தியது என்று பூசாரி சொன்னார். அடிமரம் பாறை போல முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, ஒரு பக்கம் பிளந்து, ஒரு ஆள் உள்ளே நிற்கலாம் போல இருந்தது. அக்கா கொஞ்சம் தள்ளியே நின்றார். மரத்துக்கு எதற்குப் பயம் என்று கேட்டேன். எத்தனையோ பேர் வந்து நின்று போனதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற மரம், நம்மையும் அப்படித்தானே பார்க்கும் என்றார். சொன்னவரே போய் மரத்தைக் கட்டிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் கை கோத்துச் சுற்றி நின்றோம், வளையம் முடியவில்லை. அக்கா பூசாரியைக் கூப்பிட்டார். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே மணியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பெண்பிள்ளைகளின் கையைப் பிடிக்கத் தயங்கி, தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை அக்காவிடமும் மறுமுனையை என்னிடமும் கொடுத்து, நடுவில் தான் பிடித்துக்கொண்டார். வளையம் முடிந்தது. முப்பது வருடமாகப் பூசை செய்கிற மரத்தை இன்றுதான் கட்டிப்பிடிக்கிறேன் என்று பூசாரி சிரித்தார்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் எனக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஊசி போட்டுச் சதை எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றார். வீட்டில் என் கணவர், மாமியார், போனில் அம்மா, எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: ஒன்றும் இருக்காது. சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. ஒன்றும் இருக்காது என்று அவர்கள் சொன்ன வேகம் அப்படி. ரத்தம் கொடுக்க அக்காவிடம் போனேன். என் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் நானும் அதையே கேட்டேன்.

"ஒண்ணும் இருக்காதுல்லக்கா?"

அவர் பட்டையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

நான் அழுதேன். கட்டி தெரிந்த நாளிலிருந்து அதுவரை அழவில்லை. அவர் பக்கத்தில் நின்றார். வெளியே காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு என்னிடம், எதற்குப் பயம் என்று கேட்டார். சாவுக்கா என்றார். இல்லை, என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசுகூட ஆகவில்லையே என்பதுதான் என்றேன். சரி, அது நல்ல பயம், வைத்துக்கொள் என்றார். முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிரான்மலைக்குப் போவோம் என்றார்.

போனோம். அவ்வளவு நீண்ட ஏற்றம் நான் அதுவரை ஏறியதில்லை. நடுவில் இரண்டு இடத்தில் என்னால் முடியாது என்று உட்கார்ந்தேன். அக்காவும் உட்கார்ந்தார். நான் எழுந்தால் அவரும் எழுந்தார். உச்சியில் நின்று பார்த்தபோது கண்மாய்கள் தகரத் துண்டுகள் மாதிரி மினுங்கின. வயலும் பொட்டலும் தைத்துப் போட்ட போர்வை போலக் கிடந்தன. எங்கோ கிழக்கே மங்கலாக இருந்த புகையைக் காட்டி, அதுதான் புதுவயல், மில்லில் நெல் அவிக்கிறார்கள் என்று செல்வி அடித்துச் சொன்னார். அவ்வளவு தூரம் தெரியாது என்று நான் சொன்னேன். அன்று காலையில் எழுந்ததிலிருந்து முதல் தடவையாகக் கட்டியைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசியிருக்கிறேன் என்பது இறங்கும்போதுதான் உறைத்தது. முடிவு நல்லபடியாக வந்தது, சாதாரணக் கட்டிதான். நிலையத்துக்கு வந்த தாளைப் பார்த்து அக்காதான் போனில் சொன்னார். 

இந்த அக்காவுக்கு வாய்த்த கணவர் பயம் என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாதவர்.

அவர் புதுவயலில் ஒரு அரிசி மில்லில் லோடு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், தெருமுனையில் பேசினால் எங்கள் சமையலறையில் கேட்கும் குரல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று, புலியைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி கிளம்புகிறாள், வீட்டில் பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுவாள் என்று தெருவுக்கே சொல்வார். தங்கள் வம்சத்தில் பயம் என்ற பேச்சே கிடையாது என்பார். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஒருமுறை மில்லில் அடுக்கு சரிந்து மூட்டைகள் விழுந்தபோது, மற்றவர்கள் வெளியே ஓட, இவர் உள்ளே பாய்ந்து ஒரு ஆளை இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார். தோளில் அந்தத் தழும்பு இருந்தது. அக்காவே அதைப் பெருமையாகச் சொல்வார்.

ஒரு ஞாயிறு செல்விக்கு ஊரில் விசேஷம். நானும் அக்காவும் மட்டும் போவதாக இருந்தது. தானும் வருவதாக அவர் கணவர் கிளம்பிவிட்டார். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று பார்க்கிறேன் என்றார். அவருடைய பைக் மெக்கானிக்கிடம் நின்றது. அக்காவின் ஸ்கூட்டியை அவர் ஓட்டினார், முழங்கால் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு. அக்கா பின்னால் உட்கார்ந்தார். அது அக்காவின் வண்டி, தினமும் ஊரெல்லாம் அதில் போய் ரத்தம் எடுத்து வருகிறவர். ஆனாலும் கணவர் இருக்கும்போது பின்சீட்தான். நான் என் வண்டியில் தொடர்ந்தேன்.

போனது சிங்கம்புணரிப் பக்கம் ஒரு மொட்டைப் பாறைக் குன்றுக்கு. நானும் அக்காவும் முன்பே ஒருமுறை போன இடம்தான். மேலே சமதளமாக இருக்கும், நல்ல காற்று. மேற்குப் பக்கம் விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தால், ஒன்றரை ஆள் உயரத்துக்குக் கீழே குறுகலான ஒரு திட்டு ஓடும். அதன் கடைசியில் ஒரு குகை வாய் பாதி தெரியும். திட்டுக்குக் கீழே நேர்ச் சரிவு. அந்தக் குகையைப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. போன தடவை நெடுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, இது சரியான பயம் என்று விட்டுவிட்டார்.

ஏறும்போது அக்கா வழக்கம் போல ஒரு சரிவில் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து ஏறினார். அவர் கணவர் தோல் செருப்போடு நிமிர்ந்தே நடந்து போய் மேலே நின்று சிரித்தார். நாங்கள் உச்சியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை. விளிம்புக்குப் போய்ப் பார்த்தோம். திட்டில் நின்றுகொண்டிருந்தார். முதுகைப் பாறையில் ஒட்டி, முகம் வெளியே பார்த்தபடி.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். தலையைத் திருப்பாமலே, காற்று நல்லா இருக்கு, நீங்க சாப்பிடுங்க, வாரேன் என்றார்.

நாங்கள் போய் உட்கார்ந்தோம். அவர் வரவில்லை. மறுபடி போய்ப் பார்த்தோம். அதே இடம், அதே நிற்பு. ஒரு விரல்கூட நகரவில்லை. இரண்டு கைகளும் பாறையில் அழுந்தி விரல்நுனி வெளுத்திருந்தது. நான் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சத்தம் போட்டால் அவர் சட்டென்று திரும்புவார் என்று காதோடு சொன்னார்.

பிறகு அவரிடம், "எனக்குப் பயமா இருக்கு. இருந்தாலும் உங்க பக்கத்துல வாரேன்" என்றார்.

விளிம்பில் உட்கார்ந்து, அவர் கணவர் இறங்கிய இடத்திலேயே காலை விட்டு, பாதி தூரத்தில் இருந்த ஒரு பிளவில் உட்கார்ந்துகொண்டார். இப்போது அவர் முழங்கால் கணவரின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மேலே படுத்துக்கொண்டு அக்காவின் சட்டையைப் பிடித்திருந்தேன். அதனால் பயன் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் விடவில்லை.

"உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

"எனக்கென்ன பயம்."

 காற்று அடித்தது. கணவரின் காலுக்கடியில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அது எங்கோ கீழே பட்டுத் தெறிக்கிற சத்தம் மெதுவாக வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, மில் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல், எனக்கே அரைகுறையாகக் கேட்கிற அளவுக்கு இறங்கி வந்தது.

"ஆமா."

"எதுக்கு? விழுந்துருவோம்னா?"

"கால் வழுக்கும்."

"எந்தக் கால்?"

அவர் யோசித்தார். யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "இடது" என்றார்.

அப்படியானால் வலது கால் நன்றாக நிற்கிறது, அதில் நில்லுங்கள் என்றார் அக்கா. இடது கால் செருப்பைக் கழற்றிவிடச் சொன்னார். உதறாமல், குனியாமல், மெதுவாகக் காலை மட்டும் உருவச் சொன்னார். செருப்பு விழுந்தது. அது விழுகிற சத்தம் நிற்கும் வரை அக்கா பேசிக்கொண்டே இருந்தார். வெறுங்கால் பாறையில் பட்டதும், இப்போது வழுக்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். அடுத்தது என்ன பயம் என்று கேட்டார். திரும்ப முடியாது என்றார். எல்லாவற்றையும் திருப்ப வேண்டாம், தலையை மட்டும் என் பக்கம் திருப்புங்கள் என்றார் அக்கா. தலை திரும்பியது. பிறகு ஒரு தோள். பிறகு இடுப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அக்கா நிறுத்தி, எதற்குப் பயம் என்று கேட்டுக் கேட்டு, அதற்கு மட்டும் பதில் சொன்னார். நெஞ்சு பாறையைப் பார்த்துத் திரும்பியதும், கைக்கு எங்கே பிடி, காலுக்கு எங்கே இடம் என்று காட்டினார். அவர் ஏறி வருவதற்கு வழிவிட்டு, தான் முன்னால் மேலே வந்து என் பக்கத்தில் விழுந்தார். பின்னாலேயே அவரும் வந்தார்.

வந்ததும் மல்லாந்து படுத்துவிட்டார். ஒற்றைச் செருப்பு அவர் வலது காலிலேயே இருந்தது. அக்கா கொஞ்சம் தள்ளிப் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது.

"அங்க என்னத்துக்கு எறங்குனீக?"

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் குகையப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியே. வழி சரியா இருந்தா உன்னையக் கூட்டிட்டுப் போகலாம்னு பாத்தேன்."

அக்கா புளியோதரையை எடுத்து அவர் கையில் வைத்தார். அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்ததால் பாதி சோறு பாறையில் சிந்தியது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இறங்கும்போது ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் வெறுங்காலோடு நடந்தார். அதே சரிவு வந்தபோது அக்கா உட்கார்ந்து நகர்ந்தார். அவரும் உட்கார்ந்து நகர்ந்தார். நான் சிரித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. சிரிக்கவில்லை.

வண்டியருகே வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டி சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"கை இன்னும் நடுங்குது. நீ ஓட்டு."

அக்கா அவரை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். திருப்பத்தூர், குன்றக்குடி என்று வழி நெடுக நான் பின்னால் வந்தேன். முன்னால் அந்தச் சின்ன உருவம் ஓட்ட, பின்சீட்டில் அந்த உயரமான மனிதர் வெறுங்காலோடு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி இடம் மாறிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். குன்றக்குடி தாண்டி அக்கா வேகத்தைக் குறைத்து, திரும்பி ஏதோ கேட்கவும் செய்தார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வண்டி நிற்கவில்லை.

எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் அவருடைய மில் சிநேகிதர்கள் நாலைந்து பேர் அங்கே இருப்பார்கள். பெண்கள் யாரும் நின்று டீ குடிக்கிற கடை இல்லை அது. அந்தக் கடைக்கு முன்னால் அவர் அக்காவின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னார். இறங்கி, மூன்று டீ என்றார். சிநேகிதர்கள் அவர் காலைப் பார்த்தார்கள், ஸ்கூட்டியைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். ஒருவர், என்ன மாப்ள, செருப்பு எங்க என்று கேட்டார். அவர் பெஞ்சில் இடம் பண்ணி உட்கார்ந்தார். கையில் இருந்த செருப்பைப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னைக்கு ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன்ப்பா" என்று தொடங்கினார்.

எனக்கு அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அக்கா டீயை ஆற்றாமல்கூட அவசரமாகக் குடித்தார். சாவியைக் கணவரின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்து, வண்டியை உருட்டிக்கொண்டு வா, நடந்தே போவோம் என்று கண்ணைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் இருப்போமே என்றேன்.

"வேணாம், வா" என்றார் அக்கா. "நாம இருந்தா அவுகளால முழுசாச் சொல்ல முடியாது."